காசிமேட்டில் இரண்டு கட்டுகள்

பச்சையம்மா மாடிப்படி ஏறி வந்தபோது சாலமனின் கட்டைவிரல் காயம் கழுவி முடிந்திருந்தது, கட்டு இன்னும் போடவில்லை.

"சிஸ்டர், என் தம்பிய இட்டுனு போயிட்டாங்க" என்றாள் வாசலிலேயே நின்று. சேலை முந்தானையில் மீன் செதில்கள் ஒட்டியிருந்தன. "கொலை கேஸு."

"உட்காருங்க. ரெண்டு நிமிஷம்" என்றார் கார்குழலி. அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

அரசு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறையில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவர் அவர். பிறகு பதினொரு வருடம் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை உள்ள தொழிற்சாலைகளில் முதலுதவி வகுப்பு எடுத்தார். இப்போது ராயபுரம் கல்மண்டபத்தில், வலைநூல் கடைக்கு மேலே உள்ள இந்த ஒற்றை அறையில் வக்கீல்களுக்காகக் காயங்களை விசாரிக்கிறார். இந்தக் கை மிஷினில் போனதா, மனிதன் வெட்டினானா என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் இங்கேதான் வருவார்கள். வடசென்னையில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. சிஸ்டர் என்றால் தெரியும். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிய சாலமன் அவருடைய கையாள், கண், சில சமயம் தலைவலி. அன்று காலை ஆபீஸ் ஷட்டரைத் தூக்கும்போது தன் விரலையே நசுக்கிக்கொண்டிருந்தான்.

கார்குழலி காயத்தின் மேல் சுத்தமான சல்லாத்துணி வைத்தார். அது நகராமல் குறுக்கே ஒரு பிளாஸ்திரி ஒட்டினார். பேனாவை எடுத்து அந்தப் பிளாஸ்திரியின் மேல் '8.50 கா' என்று நேரத்தையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுதினார். பிறகு சுற்றுத்துணியை அதன் மேலேயே சுற்றி முடித்தார்.

"இன்னா சிஸ்டர் இது? எழுதிட்டு அத்தயே மூடிட்டா எவன் படிப்பான்?"

"மேல் சுத்து அழுக்காகும், நனையும், யாராவது அவுத்து மாத்துவாங்க. உள் பிளாஸ்திரி காயத்தோடவே இருக்கும். காயத்தை யார் திறக்கிறாங்களோ, அவங்களுக்கு யார் கட்டினது, எப்ப கட்டினதுன்னு தெரியணும். என் கிளாஸ்ல முதல் பாடமே இதுதான்." பச்சையம்மாவிடம் திரும்பினார். "இப்ப சொல்லுங்க."

பேசுவதற்காகக் கையை ஆட்டியபோது அவளுடைய சுட்டுவிரலில் கறுத்த துளை ஒன்று தெரிந்தது. சாலமன் பதறிப்போய்ப் பஞ்சை எடுத்தான்.

"தே, சும்மா இருப்பா. கெளுத்தி முள்ளு குத்துச்சி. சுடுதண்ணியில வெச்சி எடுத்தாச்சி. அதுக்குப் போய் எவனாச்சும் துணி சுத்துவானா? என் தம்பி கதைய கேளு முதல்ல."

அவள் சொன்ன கதை இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால், பாஸ்கல் என்பவருடைய விசைப்படகில் வலை இழுக்கும்போது, அதைச் சுருட்டும் வின்ச் மிஷினின் இரும்புக் கயிறு அறுந்தது. இழுவையில் இருக்கும் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். அது ஏழுமலை என்ற ஆளின் இடுப்பில் அடித்தது. "ரெண்டு பொட்டலமா கொண்டாந்தாங்க சிஸ்டர். அவங்கம்மாவுக்கு முகத்த மட்டும் காட்டுனாங்க." கயிறு புதியது, தலைவிதி அறுந்துபோனது என்று பாஸ்கல் சொல்லிவிட்டார். ஆனால் ஏலக்காரர் பொன்ராஜ் அந்தக் கயிற்றைப் படகு கிளம்பும் முன்பே பார்த்திருந்தார், இழை இழையாகத் துருப்பிடித்துப் பிரிந்து கிடந்தது என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு. பொன்ராஜ் வாயைத் திறக்கவில்லை.

ஏழுமலையின் உயிர்த்தோழன் அர்ஜுன், பச்சையம்மாவின் தம்பி. நேற்று மாலை ஐந்து மணிக்கு ஏலக் கூடத்தில், நூறு பேர் பார்க்க, அவன் பொன்ராஜை அடித்தான். மீன் கூடையால் தலையில் அடித்தான். விழுந்தவரின் மேல் உட்கார்ந்து, வாயிலேயே குத்தினான். இரண்டு பற்கள் தெறித்தன. ஒன்று அர்ஜுனின் விரல் முட்டியில் குத்தி நின்றது.

"பிரிச்சு வுட்டப்ப கத்துனான், 'குடல உருவி நண்டுக்குப் போடுவேன்'னு. சொன்னான், இல்லன்னு சொல்லல. ஆனா இன்னிக்கி விடியகாலைல பொன்ராஜு ஐஸ் கொட்டாயில செத்துக் கெடக்கறாரு. இவன் வூட்ல தூங்கினு இருந்தான். கையில ரத்தத் துணி சுத்திகினு கீறானேன்னு இட்டுனு போயிட்டாங்க. நாலு மணிக்குக் கோர்ட்டாம். அப்பறம் புழல் ஜெயிலு. உள்ள போனவன் எத்தினி வருஷம் கழிச்சு வருவான்? அவன் ஒருத்தன்தான் சிஸ்டர் எனக்கு."

கார்குழலி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மணி ஒன்பதரை.

காசிமேடு துறைமுகத்தின் ஐஸ் உடைக்கும் கொட்டகையில் மிஷினை நிறுத்தியிருந்தார்கள். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. முழு ஐஸ் பாளத்தை மேலே தள்ளினால், பற்கள் வைத்த உருளை அதை மென்று கீழே தூளாகத் துப்பும். அந்தத் தூள் குவியலில்தான் பொன்ராஜ் கிடந்திருக்கிறார். சுமை தூக்கும் ஒருவன் ஐந்தே கால் மணிக்கு மண்வெட்டியால் இரண்டு கூடை ஐஸ் வாரிப் போட்ட பிறகுதான் அது சிவப்பாக இருப்பதைக் கவனித்திருக்கிறான். மூன்றாவது வாரலில் ஒரு கை வந்தது.

"ஒன்பது குத்து" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் ரிஃபானா. ஐந்தரை மணியிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் முகம். "வயித்துல ஆறு, கழுத்துல ரெண்டு, நெஞ்செலும்புல ஒண்ணு. நாலரைக்கு உயிரோட பாத்தவங்க இருக்காங்க. நாலரைக்கும் அஞ்சே காலுக்கும் நடுவுல. கத்தி இதோ."

பிளாஸ்டிக் பையில் ஒரு மீன் வெட்டும் கத்தி. மரப்பிடி, முனை வளைந்திருந்தது.

"சாலமன், இதைப் பார்" என்றார் கார்குழலி. "பிடிக்கும் அலகுக்கும் நடுவுல தடுப்பு இருக்கா?"

"இல்ல."

"மீன் வெட்ட அது தேவையில்ல. மனுஷனைக் குத்தினா தேவைப்படும். முனை எலும்புல மோதினா கத்தி நின்னுடும், கை நிக்காது. பிடி ரத்தத்துல வழவழன்னு இருக்கும். கை முன்னால வழுக்கி அலகு மேல போகும். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! குத்துப்பட்டவனைக் கொண்டு வருவாங்க, அடுத்த கட்டில்ல குத்தினவன் உள்ளங்கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்."

"அதேதான் சிஸ்டர் நானும் யோசிச்சேன்" என்றார் ரிஃபானா. "உடம்புலேர்ந்து பின்வாசல் வரைக்கும் சொட்டுச் சொட்டா ரத்தம். கொன்னவன் கை கிழிஞ்சிருக்கு. காலையில துறைமுகம் முழுக்கக் கைகளைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். வலது கையில கட்டோட ரெண்டே பேர். ஒருத்தன் அர்ஜுன். இன்னொருத்தர் பாஸ்கல். ஆனா அவர் நேத்து ராத்திரி பத்து மணிக்குத் தன் படகுல கடலுக்குப் போயிட்டார். காலையில ஏழு மணிக்கு நாப்பது பேர் பார்க்கப் படகுலேர்ந்து இறங்கினார். படகு டிரைவர் நோயலும் சாட்சி. கடல்ல திருக்கை மீனோட முள் குத்தினதாம்."

"பொன்ராஜ் நேத்து அடிபட்ட பிறகு யார்கிட்டயாவது பேசினாரா?"

"ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். காலையில வந்து எழுதித் தர்றேன்னார். அர்ஜுன் மேல புகார்னு நினைச்சேன்."

"புகார்னா அப்பவே வந்திருப்பார், ரத்தம் காயறதுக்குள்ள" என்றார் கார்குழலி. ரிஃபானா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டை கார்குழலி கேட்டு வாங்கிப் படித்தார். அர்ஜுனைப் பற்றிக் காவலாளி 'துணி சுத்தியிருந்தான்' என்று சொல்லியிருந்தான். பாஸ்கலைப் பற்றிக் கான்ஸ்டபிள் 'பேண்டேஜ்' என்றிருந்தார். டீக்கடைக்காரர் 'பிளாஸ்திரி' என்றார். கடைசியில் ரிஃபானாவின் கையெழுத்தில் இரண்டு பெயருக்கும் எதிரே ஒரே வார்த்தை: கட்டு.

"அம்மா, உங்க தப்பில்ல. நம்ம எல்லாருமே இப்படித்தான்" என்றார் கார்குழலி. "காயத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கிற துணி ஒண்ணு. அது நகராம சுத்திப் பிடிக்கிறது இன்னொண்ணு. ரத்தத்தை நிறுத்த மேல இறுக்கிறது வேற. கழுத்துலேர்ந்து கையைத் தொங்கவிட்டா தூக்குக்கட்டு. எலும்பு அசையாம இருக்க மாவுக்கட்டு. மூலிகை அரைச்சுப் பூசினா பத்து. எல்லாத்தையும் கட்டுன்னு சொன்னாலும் யாருக்கும் குழப்பம் வராது, கண்ணெதிரே இருக்கும். ஆனா நோட்டுல எழுதினதும் ரெண்டு கையும் ஒண்ணு மாதிரி ஆயிடுது. நான் ரெண்டு துணியையும் நேர்ல பார்க்கணும்."

"பிரிக்கக் கூடாது. டாக்டர்தான் பிரிக்கணும்."

"பிரிக்க மாட்டேன். வெளியிலேர்ந்தே நிறைய படிக்கலாம்."

ஸ்டேஷனில் அர்ஜுன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கீழுதடு வீங்கியிருந்தது. அவன் வலது கையில் சுற்றியிருந்தது எஞ்சின் துடைக்கும் பனியன் வேஸ்ட். டீசல் வாடை அடித்தது. ஓரங்களில் காபித்தூள் ரத்தத்தோடு சேர்ந்து பழுப்பாக இறுகியிருந்தது. சுற்று முன்கையில் தொடங்கி, மேலிருந்து கீழே விரல்களை நோக்கி வந்தது. விரல்கள் நகம் வரை மூடியிருந்தன. முடிச்சே இல்லை. துணியின் நுனி சுற்றுகளுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, இழுத்து இறுக்கப்பட்டிருந்தது.

கார்குழலியின் முகம் மலர்ந்தது. வேலை நன்றாகச் செய்திருப்பதைப் பார்த்தால் அவருக்கு அப்படித்தான். "கயிறு நுனி பிரியாம இருக்க நூல் சுத்துவாங்களே, அதே வித்தை. முடிச்சு போட்டா வலையில சிக்கும்னு நுனியை உள்ளே புதைச்சுடுவாங்க. யார் கட்டினது?"

"நோயல் அண்ணன். நேத்து ஆறு மணிக்கு. போட்டு கெளம்பறதுக்கு முன்னாடி." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சிஸ்டர், நான் அவர அடிச்சேன். சாவட்டும்னு நெனச்சித்தான் அடிச்சேன். ஆனா அவரு கீழ கெடந்துகினே சொன்னாரு, 'டேய், அந்த வயரப் பத்தி நாளைக்கு எழுதித் தரேன்டா, உட்ரா'ன்னு. அப்பறம் எதுக்கு நான் குத்தணும்? அவருதானே எனக்கு வேணும்?"

"இதை எஸ்.ஐ.கிட்ட சொன்னியா?"

"சொன்னா நம்புவாங்களா? கேட்டவன் நான் ஒருத்தன். பக்கத்துல பாஸ்கலு இருந்தாரு, என்னப் புட்சி இழுத்தவரே அவருதான்."

வெளியே வந்ததும் சாலமன் குதித்தான். "சிஸ்டர், முடிஞ்சிது! கேட்டது ரெண்டே பேரு. பாஸ்கல்தான்!"

"பாஸ்கல் கடல்ல இருந்தார், சாலமன். அந்தச் சுவரை முதல்ல தாண்டணும்."

பாஸ்கல் படகுத் துறையில் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. வலது கையை ஐஸ் தூளுக்குள் பாதி புதைத்து வைத்திருந்தார்.

"வாங்க சிஸ்டர்" என்றார். "என் ஒய்ஃப் உங்களைப் பத்தி ரொம்பச் சொல்லும். பொன்ராஜ் போனது எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி."

"கைக்கு என்ன ஆச்சு?"

"திருக்கை முள். ரெண்டு மணிக்கு வலையைக் கொட்டினோம், தெரியாம கையை வச்சிட்டேன். புது வயர் எப்படி இழுக்குதுன்னு பார்க்கப் போனேன், எனக்கு இது தேவையா? நல்லவேளை, நோயல் உடனே கட்டினான். இல்லாட்டி விஷம் ஏறியிருக்கும். எரியுது, அதான் ஐஸ்."

ஐஸிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். வெள்ளைச் சுற்றுத்துணி. மணிக்கட்டில் தொடங்கி, உள்ளங்கையில் எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்குமாகப் போய், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடி, மறுபடியும் மணிக்கட்டில் முடிந்து, ஊக்கு குத்தியிருந்தது. ஐந்து விரல் நுனிகளும் வெளியே தெரிந்தன.

"அழகான கட்டு" என்றார் கார்குழலி, மனதாரவே. "படகுல முதலுதவிப் பெட்டி இருக்கா?"

"ஓ, எல்லாம் பக்காவா வச்சிருக்கோம்."

சாலமன் படகில் ஏறிப் பெட்டியைத் திறந்து தூக்கிக் காட்டினான். தூண்டில் முட்கள், ஒரு பீடிக்கட்டு, பாதி கிழிந்த காபித்தூள் பாக்கெட். பாஸ்கல் சிரித்தார். "எல்லாம் தீர்ந்திருக்கும்."

கார்குழலி நன்றி சொல்லிவிட்டு நடந்தார். ஏலக் கூடத்தைத் தாண்டியதும்தான் கேட்டார்: "இவர் எப்பலேர்ந்து கடலுக்குப் போறார்?"

"இவனா? தண்ணியில காலு வெச்சதே இல்ல. எம்.கே.பி. நகர்ல லாரி ஓட்டிகினு இருந்தவன். போட்டு அவன் சம்சாரம் ஜூடி அக்காவோட அப்பாது. கட்டிகினு வந்து ஓனராயிட்டான்."

"ஜூடி இப்ப எங்கே வேலை?"

"எண்ணூர்ல ஒரு ஃபேக்டரி. முதலுதவி ரூம்ல." சாலமன் நின்றுவிட்டான். "சிஸ்டர்…"

"முதல் ஷிப்ட் ரெண்டு மணிக்கு முடியும். போய்க் கூட்டிக்கிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தையும் சொல்லாதே." அவர் குரல் தணிந்திருந்தது. "என் கிளாஸ்ல மூணாவது பெஞ்சுல உட்கார்ந்திருக்கும் அந்தப் பொண்ணு."

மூன்றேகால் மணிக்கு எல்லோரும் ஐஸ் கொட்டகையில் கூடினார்கள். கோர்ட்டுக்குப் போகும் வழியில் பத்து நிமிஷம் என்று ரிஃபானா ஒப்புக்கொண்டிருந்தார். அர்ஜுன் விலங்கோடு ஒரு கான்ஸ்டபிளின் பக்கத்தில் நின்றான். பச்சையம்மா அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள். பாஸ்கல், தூக்கம் கலைந்த கண்களோடு நோயல், அரசு மருத்துவர் ஒருவர். எண்ணூரிலிருந்து வந்த ஜூடி சாலமனோடு வாசல் பக்கம் நின்றாள். கணவனைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினாள். தரையில் உருகிய ஐஸ் இளஞ்சிவப்பாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டர், முதல்ல அர்ஜுன்" என்றார் கார்குழலி.

மருத்துவர் நுனியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. உப்பு நீர் ஊற்றி ஊற்றித்தான் பனியன் வேஸ்ட் தோலைவிட்டுப் பிரிந்தது. "நல்லா காய்ஞ்சு ஒட்டியிருக்கு. இன்னைக்கு விடியற்காலை யாரும் இதைப் பிரிச்சு மறுபடி கட்டலை. காயம் முட்டி மேல. பல்லு பட்டது. உள்ளங்கை சுத்தமா இருக்கு."

பச்சையம்மா சத்தமாக மூச்சு விட்டாள்.

"ரொம்பச் சந்தோஷம்" என்றார் பாஸ்கல். "அப்ப கொன்னவன் வேற எவனோ. நான் கிளம்பட்டுமா?"

"ஒரே ஒரு சந்தேகம். நோயல், உங்களைக் கேக்கிறேன். கடல்ல திருக்கை முள் குத்தினா என்ன செய்வீங்க?"

நோயல் இருபது வருடம் கடலில் இருந்தவன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. "எஞ்சினக் குளிர வெச்ச தண்ணி சூடா வெளிய ஊத்தும் சிஸ்டர். பக்கெட்டுல புட்சி கைய உட்டுடுவோம். எத்தினி சூடு தாங்குமோ அத்தினி சூடு. ஒரு மணி நேரம். சூட்டுலதான் விஷம் சாவும்."

"ஐஸ் வைப்பீங்களா?"

"ஐஸா! வலி பத்து மடங்காயிடும். எவனாச்சும்…" அவன் பார்வை பாஸ்கலின் கைக்குப் போனது.

"துணி சுத்துவீங்களா?"

நோயல் பாஸ்கலிடமிருந்து ஓரடி விலகி நின்றான்.

"சொல்லுங்க நோயல். காலையில பச்சையம்மா சொன்னதுதான் நீங்களும் சொல்லுவீங்க. முள் குத்தினா எந்தக் கடல்காரனும் கட்ட மாட்டான், திறந்துதான் விடுவான். பாஸ்கலுக்கு அது தெரியாது, கடலுக்குப் போனவரில்ல. கிழிஞ்ச கைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. துறைமுகத்துல சொல்லக் கேட்ட காரணத்தைச் சொன்னார். அதோட வைத்தியம் என்னன்னு அவருக்கு யாரும் சொல்லலை." அவர் இரண்டு துணிகளையும் சுட்டிக்காட்டினார். "இது ரெண்டையும் நீங்கதான் கட்டினீங்கன்னு சொல்றாங்க. ஒண்ணு நேத்து சாயந்திரம் ஆறு மணி, ஒண்ணு ராத்திரி ரெண்டு மணி. அர்ஜுன் கையில மேலேர்ந்து கீழே சுத்தியிருக்கீங்க, விரல் நகம் வரைக்கும் மூடியிருக்கீங்க, நுனியைக் கயிறு மாதிரி புதைச்சிருக்கீங்க. கை பழகினது மாறாது, நோயல். எட்டு மணி நேரத்துல நீங்க எட்டு வடிவச் சுத்து எங்கே கத்துக்கிட்டீங்க? பெட்டியில ஒரு முழம் வெள்ளைத் துணி கூட இல்லையே?"

"நோயலு" என்றார் பாஸ்கல், மெதுவாக.

"சும்மா இருங்க" என்றார் ரிஃபானா.

நோயல் பாஸ்கலைப் பார்க்கவில்லை, அர்ஜுனின் விலங்கைப் பார்த்தான். "ஆறே காலுக்கு ஃபைபர் போட்ல வந்தாரு சிஸ்டர். ஹார்பர் அலைவாசலுக்கு வெளிய, நாங்க திரும்பி வரசொல்ல. 'ராத்திரிலேர்ந்து உங்க கூடதான் இருந்தேன்னு சொல்லு, ஒருத்தன் என்னைத் தேடறான்'னாரு. அப்ப எனக்கு பொன்ராஜு செத்ததே தெரியாது. இவன இட்டுனு போனாங்கன்னு பத்து மணிக்குத்தான் கேட்டேன். அப்பறம் எப்டி மாத்திப் பேசறது… ஏழுமலை செத்தப்ப வின்ச்ச ஓட்னவன் நான். வயரு கலீஜா கீதுன்னு நானும் பாத்தேன். வாய மூடிகினு இருந்தேன்."

"பொய்!" என்றார் பாஸ்கல். "குடிகாரன் சொல்றதை வச்சு…"

"யார் சொல்றதும் வேண்டாம்" என்றார் கார்குழலி. "உங்க கை சொல்லும். விரல் நுனியை வெளியே விட்டுக் கட்டியிருக்காங்க. நீலம் பாயுதான்னு பார்க்க. மெலிஞ்ச இடத்துல ஆரம்பிச்சு, பாதி மூடிப் பாதி விட்டு, எட்டுப் போட்டு. இந்தக் கட்டை இந்தப் பக்கத்து ஃபேக்டரிகள்ல சொல்லிக் கொடுத்தது நான். அப்படின்னா உள்ளே என்ன இருக்கும்னும் எனக்குத் தெரியும். டாக்டர், மேல் சுத்தைப் பிரிச்சா கீழே குறுக்கே ஒரு பிளாஸ்திரி வரும். அதுல நேரம் எழுதியிருக்கும். கட்டினவங்க பேரோட முதல் எழுத்தும் இருக்கும்."

பாஸ்கல் தன் கையைப் பார்த்தார். காலையிலிருந்து அதை எத்தனை தடவை பார்த்திருப்பார்! உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கட்டும்போது அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் ஊக்கைக் கழற்றினார். நனைந்த துணி சுருள் சுருளாக விழுந்தது. பிளாஸ்திரி தெரிந்தது. நீல மையில், உருண்டை எழுத்தில்: '5.40 ஜூ'.

அதற்குக் கீழே, விரல்கள் தொடங்கும் இடத்தில், உள்ளங்கையை அளவெடுத்துக் கிழித்தது போல ஒரு நேர்க்கோட்டுக் காயம். துணி விலகியதும் அதில் மறுபடி ரத்தம் ஊறியது.

"முள் துளை போடும். இது கத்தி" என்றார் மருத்துவர்.

ஜூடி இரண்டடி முன்னால் வந்தாள். "கேட்டுல கிழிச்சிக்கிட்டேன்னு சொன்னீங்களே?" அவள் குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. "ஷிப்டுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன் சிஸ்டர். பஸ் போயிடும்னு அவசர அவசரமாக் கட்டினேன். சட்டையில ரத்தம் அவ்ளோ இருந்தது. ஒரு கையில இவ்ளோ ரத்தம் வருமான்னு நினைச்சேன். கேக்கல."

பாஸ்கலின் இடது கை பின்னால் போனதை சாலமன்தான் முதலில் பார்த்தான். சுவரில் சாய்த்து வைத்திருந்த ஐஸ் உடைக்கும் கம்பி. "எழுதி வச்சியா? எழுதி வச்சியாடீ?" என்று உறுமிக்கொண்டே அதை ஜூடியின் தலையை நோக்கி ஓங்கி இறக்கினார். குறுக்கே பாய்ந்த நோயலின் தோள்பட்டையில் அது இறங்கியது. மரக்கிளை முறிவது போன்ற சத்தம். கம்பி இரண்டாம் முறை உயர்வதற்குள் சாலமன் அவர் முழங்காலை உதைத்தான். அர்ஜுன் விலங்கு மாட்டிய இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்தது. கனத்த உடம்பு பொன்ராஜ் கிடந்த அதே ஐஸ் குவியலில் விழுந்தது. அர்ஜுன் மேலே ஏறி உட்கார்ந்து மறுபடி கையை ஓங்கினான்.

"தம்பி, போதுன்டா!" என்று பச்சையம்மா அலறினாள். "வேணான்டா, வூட்டுக்குப் போலாம்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. நேற்று நிற்காத கை அது. மெதுவாக இறங்கியது.

ரிஃபானா குனிந்து அர்ஜுனின் விலங்கைக் கழற்றினார். பாஸ்கலின் இடது மணிக்கட்டில் பூட்டினார். வலது கையிலிருந்து ரத்தம் ஐஸில் வழிந்துகொண்டிருந்தது. "இதோட ஜீப்புல ஏத்த முடியாது. டாக்டர், யாராவது…"

மருத்துவர் நோயலின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கார்குழலி தன் கைப்பையிலிருந்த முக்கோணத் துணியால் நோயலுக்குத் தூக்குக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார். முழங்கையை நெஞ்சோடு அணைத்து, கழுத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் முடிச்சிட்டு, எலும்பின் மேல் முடிச்சு அழுத்தாமல் ஒதுக்கினார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அர்ஜுனிடம், "மன்ச்சிக்கடா மாமு" என்றான். அர்ஜுன் அவன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான் கட்டறேன்" என்றாள் ஜூடி.

"வேண்டாம்மா" என்றார் கார்குழலி. "நீ விடு. நான் வர்றேன்."

"ரத்தம் போகுது சிஸ்டர். யாரா இருந்தாலும் முதல்ல ரத்தத்தை நிறுத்தணும்னு நீங்கதான் சொன்னீங்க."

அவள் மருத்துவரின் பையிலிருந்து சல்லாத்துணியை எடுத்து ஐஸின் பக்கத்தில் மண்டியிட்டாள். கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள். காயத்தை அழுத்தினாள், மூடினாள், குறுக்கே பிளாஸ்திரி ஒட்டினாள். பிறகு கையை நீட்டினாள். சாலமன் புரிந்துகொண்டு தன் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கொடுத்தான்.

"மணி என்ன?" என்று கேட்டாள்.

"மூணே முக்கால் அக்கா."

அவள் எழுதினாள். உருண்டை எழுத்து, நடுங்கவில்லை. பெயரின் முதல் எழுத்தையும் போட்டாள். பிறகு மணிக்கட்டில் தொடங்கி, பாதி மூடிப் பாதி விட்டு, விரல் நுனிகள் வெளியே தெரியும்படி சுற்ற ஆரம்பித்தாள்.